ஊருக்குப் பணம் அனுப்புவோர் கையில் கிடைக்கும் ரூபாவிலிருந்து கணக்குப் போடுங்கள்

களுவாஞ்சிக்குடியிலும் பின்னர் கல்முனையிலுமாக வங்கி முகப்பில் நான் கடமையாற்றிய ஆண்டுகளில், மாதத்தின் முதற் பத்து நாட்களில் என் முன்னே நின்ற வரிசையில் பெரும்பகுதியினர் கட்டாரிலோ சவூதியிலோ குவைத்திலோ வேலை செய்யும் மகனோ மகளோ கணவனோ அனுப்பிய பணத்தை எடுக்க வந்தவர்களாகவே இருந்தார்கள். ‘எவ்வளவு அனுப்பியிருக்கிறார்?’ என்று கேட்டால் ‘ஆயிரம் றியால்’ என்று உடனே சொல்லிவிடுவார்கள். அந்த ஆயிரம் றியாலுக்கு இங்கே எத்தனை ரூபா வந்திருக்க வேண்டும், வழியில் எவ்வளவு குறைந்தது என்பதை வாங்கியவரும் அறியமாட்டார், பெரும்பாலும் அனுப்பியவரும் அறியமாட்டார். இந்த வழிகாட்டியை அனுப்புபவருக்காகவே எழுதுகிறேன். ஊரில் இருப்பவர் படித்துக்காட்டினாலும் நல்லதே.

பணம் அனுப்பும் செலவைப் பலரும் அங்கே கவுண்டரில் கொடுக்கும் கட்டணம் என்று மட்டும் நினைக்கிறார்கள். கட்டணம் கண்ணுக்குத் தெரியும் பகுதி. அதைவிடப் பெரிய பகுதி நாணய மாற்று வீதத்துக்குள் ஒளிந்திருக்கும். மூன்றாவதாக, பணத்தைப் பெறுபவர் அதைக் கையில் எடுப்பதற்குச் செலவழிக்கும் பஸ் காசும் ஒரு நாட்கூலியும் உண்டு. ஆகவே, நிறுவனங்களை ஒப்பிடும்போது ‘கட்டணம் எவ்வளவு?’ என்று கேட்காமல், ‘என் கையிலிருந்து மொத்தமாக 1,000 றியால் போனால் அம்மாவின் கையில் எத்தனை ரூபா விழும்?’ என்ற ஒரே கேள்வியை எல்லா இடத்திலும் கேளுங்கள். பதில் ரூபாவில் வரவேண்டும். விற்பவர் வேறு எதைச் சொன்னாலும் அது ஒப்பிட உதவாது.

வீதத்தைச் சரிபார்க்கும் முறை

வளைகுடா நாடுகளில் வேலை செய்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. குவைத் டினாரைத் தவிர ஏனைய வளைகுடா நாணயங்கள் அமெரிக்க டொலருடன் நிலையாகக் கட்டப்பட்டவை. ஒரு டொலருக்கு 3.64 கட்டார் றியால், 3.75 சவூதி றியால், 3.6725 அமீரகத் திர்ஹம் என்ற அளவு பல ஆண்டுகளாக மாறவில்லை. எனவே இலங்கை மத்திய வங்கியின் இணையத்தளத்தில் நாள்தோறும் வெளியாகும் டொலரின் வாங்கும் வீதத்தை எடுத்து, அதை இந்த எண்ணால் வகுத்தால், உங்கள் றியாலுக்கு நியாயமாக எத்தனை ரூபா கிடைக்க வேண்டும் என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டால், கட்டார் றியால் ஏறக்குறைய 82 ரூபா 40 சதம், சவூதி றியால் சரியாக 80 ரூபா, திர்ஹம் ஏறக்குறைய 81 ரூபா 70 சதம். வங்கிகளின் பட்டியலில் காசுத்தாளுக்கு ஒரு வாங்கும் வீதமும் ரி.ரி. எனப்படும் தந்திவழி மாற்றுக்கு வேறொரு வாங்கும் வீதமும் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டாவதை. அதுவே பெரும்பாலும் கூடுதலானது.

இப்போது, நாணயம் மாற்றிப் பணம் அனுப்பும் இரண்டு எக்ஸ்சேஞ்ச் கடைகளை எண்ணிப் பாருங்கள். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. முதற் கடை 15 கட்டார் றியால் கட்டணம் வாங்கி, றியாலுக்கு 82 ரூபா தருகிறது. இரண்டாவது கடை ‘கட்டணம் இல்லை’ என்று வாசலில் பலகை வைத்து, றியாலுக்கு 80 ரூபா 40 சதம் தருகிறது. உங்களிடம் 1,000 றியால் இருந்தால், முதற் கடையில் 985 றியால் மாற்றப்பட்டு 80,770 ரூபா வரும். இரண்டாவது கடையில் 80,400 ரூபா வரும். கட்டணம் வாங்கும் கடையே 370 ரூபா இலாபமாக இருக்கிறது. ஆனால் அனுப்பும் தொகை 300 றியால் மட்டும் என்றால் கணக்கு தலைகீழாகிறது: முதற் கடையில் 285 றியாலுக்கு 23,370 ரூபா, இரண்டாவதில் 24,120 ரூபா. இந்த எடுத்துக்காட்டில் ஏறக்குறைய 770 றியாலுக்கு மேல் முதற் கடையும் அதற்குக் கீழே இரண்டாவது கடையும் மலிவு. அறைத்தோழர் ஒருவருக்கு நல்லதாக இருந்த நிறுவனம் உங்களுக்கும் நல்லதாக இருக்கும் என்று நம்பி வரிசையில் நிற்பது எவ்வளவு பிழையானது என்பது இதிலிருந்து விளங்கும்.

கட்டணத்தின் மேல் வரியும் சேரும் நாடுகள் உண்டு. அமீரகத்தில் 2018 முதல் 5 சதவீதமும், சவூதியில் 2020 ஜூலை முதல் 15 சதவீதமும் பெறுமதி சேர் வரி அறவிடப்படுகிறது. அது கட்டணத்தின் மீதானது, அனுப்பும் தொகையின் மீதானதன்று. எவராவது முழுத் தொகைக்கும் வரி என்று சொன்னால் பற்றுச்சீட்டை வாங்கிப் பாருங்கள்.

கட்டணம் தொகைக்கு ஏற்ப மாறாமல் நிலையாக இருக்கும் இடங்களில், அடிக்கடி அனுப்புவதே பெரிய வீண்செலவு. சம்பளம் கிடைத்தவுடன் வீட்டுச் செலவுக்கு ஒரு தடவை, பதினைந்தாம் திகதி சீட்டுக் காசுக்கு இன்னொரு தடவை என்று இரண்டாகப் பிரித்து அனுப்புபவர், மேலே சொன்ன 15 றியால் கட்டணத்தில் ஆண்டுக்கு 180 றியாலை, அதாவது 14,000 ரூபாவுக்கு மேற்பட்ட தொகையை, ஒரு பயனும் இல்லாமல் கொடுக்கிறார். சீட்டுக்கும் கடன் தவணைக்கும் உரிய திகதியை ஊரில் பேசி மாதத் தொடக்கத்துக்கு மாற்றிக்கொள்வது பல வேளைகளில் முடிகிற காரியமே. நோய், மரணம் போன்ற அவசரத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது.

எந்த வழியில் அனுப்புவது

முறைப்படி பணம் அனுப்ப மூன்று வழிகளே நடைமுறையில் உள்ளன. எக்ஸ்சேஞ்ச் கடைகள், அல்லது அவற்றின் தொலைபேசிச் செயலிகள், றியாலை வாங்கிக்கொண்டு ரூபாவாகவே ஊரிலுள்ள கணக்கில் இடும் வழி முதலாவது. பெரும்பாலானோருக்கு இதுவே மலிவு. இலங்கை வங்கிகளுக்கிடையே உடனடியாகப் பணம் மாற்றும் ‘செஃப்ட்ஸ்’ முறை 2015 இலிருந்து இயங்குவதால், எக்ஸ்சேஞ்ச் எந்த வங்கியுடன் இணைந்திருந்தாலும் உங்கள் தாயாரின் கணக்கு இருக்கும் வங்கிக்குச் சில நிமிடங்களில் பணம் வந்துசேர வழியுண்டு. ‘இலங்கை வங்கிக்குத்தான் அனுப்பலாம், மக்கள் வங்கிக்கு அனுப்ப முடியாது’ என்று கவுண்டரில் சொன்னால் அடுத்த கடையைப் பாருங்கள். செயலியிலும் கவுண்டரிலும் ஒரே நிறுவனம் இரண்டு வீதங்கள் வைத்திருப்பது வழக்கம். செயலியில் பெரும்பாலும் கட்டணம் குறைவு, வெள்ளிக்கிழமை வெயிலில் வரிசையில் நிற்க வேண்டியதும் இல்லை. புதிய செயலிகள் முதல் தடவைக்கு மட்டும் மிக நல்ல வீதம் தரும். அதைப் பயன்படுத்துவதில் தவறில்லை, ஆனால் இரண்டாவது தடவை மறுபடியும் கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது வழி, வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் போன்றவற்றின் மூலம் இலக்கம் கொடுத்துக் காசாக எடுப்பது. பெறுபவருக்கு வங்கிக் கணக்கே இல்லாதபோதும், இரவோடிரவாகக் காசு தேவைப்படும்போதும் இது உதவும். மாதந்தோறும் இதையே செய்வது பெரும்பாலும் கூடுதல் செலவு. படுவான்கரையின் உட்கிராமமொன்றில் இருக்கும் தாய் வாவியைக் கடந்து மட்டக்களப்புக்கோ களுவாஞ்சிக்குடிக்கோ வந்து, வரிசையில் நின்று, அடையாள அட்டையின் பிரதியெடுத்து, மீண்டும் வீடு திரும்புவதற்கு ஒரு பகல் போய்விடுகிறது. பொத்துவிலுக்குத் தெற்கேயுள்ளவர்களின் நிலையும் இதுதான். கணக்கில் விழுந்த பணத்தை அவர் தேவைப்பட்ட நாளில், தேவைப்பட்ட அளவு, அருகிலுள்ள ஏ.டி.எம். இயந்திரத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, வங்கியிலிருந்து வங்கிக்கு ‘சுவிஃப்ட்’ எனப்படும் சர்வதேச வங்கி வலையமைப்பின் மூலம் வெளிநாட்டு நாணயமாகவே அனுப்புவது. இதில் அனுப்பும் வங்கி, இடையிலுள்ள வங்கி, பெறும் வங்கி ஆகிய மூன்றும் தத்தம் பங்கை எடுக்கக்கூடும் என்பதால் சிறு தொகைக்கு இது ஒருபோதும் கட்டுப்படியாகாது. வீடு கட்டுவதற்கோ காணி வாங்குவதற்கோ சேர்த்த பெருந்தொகையை மூன்று, நான்கு மாதங்களுக்கு ஒரு தடவை அனுப்புவதற்கே இதைப் பயன்படுத்துங்கள். பெறுபவரின் வங்கிக்குரிய குறியீடு எட்டு அல்லது பதினொரு எழுத்துகள் கொண்டது. அதன் ஐந்தாம், ஆறாம் எழுத்துகள் ‘எல், கே’ என்று இலங்கையைக் குறிக்க வேண்டும். சில படிவங்களில் ‘ஐபான்’ எனப்படும் சர்வதேசக் கணக்கிலக்கம் கேட்பார்கள். இலங்கையில் அந்த முறை இல்லை, கணக்கிலக்கத்தையே எழுத வேண்டும்.

பிரித்தானியா, கனடா, ஐரோப்பிய நாடுகளில் இருப்பவர்களுக்குத் தெரிவுகள் அதிகம். அங்கே கடன் அட்டையால் பணம் செலுத்தி அனுப்பினால் அட்டை நிறுவனம் அதைக் காசு எடுத்ததாகக் கருதி வட்டி போடக்கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வங்கிக் கணக்கிலிருந்தே செலுத்துங்கள்.

பெயர், இலக்கம், கிழமை

நான் கண்ட தாமதங்களில் பெரும்பாலானவை பெயரால் வந்தவை. நம் பகுதியில் ஒருவருக்குத் தந்தை பெயர் முன்னால் வரும். அடையாள அட்டையில் முழுப்பெயரும் வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்துகளும் இருக்கும். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் சாய்ந்தமருதிலும் ‘முகம்மது’ என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் அரை டசின் விதமாக எழுதப்படுகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் வேறொன்று. நீங்கள் வாயால் சொல்வதைக் கேட்டு அங்கே இருக்கும் எழுதுநர் தனக்குத் தெரிந்த எழுத்துக்கூட்டலை அடித்துவிடுவார். என் மைத்துனர் ஒருவர் அனுப்பிய பணம், பெயரில் ஓர் எழுத்து மாறியதால் பதினொரு நாட்கள் இரண்டு நாடுகளுக்கும் நடுவில் நின்றது. அனுப்பிய கடைக்காரர் தம் பிழையை ஒப்புக்கொள்ளாமல் திருத்தக் கட்டணமும் வாங்கினார். வங்கியிலே உட்கார்ந்திருந்த எனக்கே அப்படி என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கத்தைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதிலுள்ள பெயரை எழுத்துக்கு எழுத்து அப்படியே பதியுங்கள். காசாக எடுக்க அனுப்பினால் வங்கிப் புத்தகத்தை விட்டுவிட்டு அடையாள அட்டையில் உள்ளபடி எழுதுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும், 2016 இன் பின் வந்த அட்டையில் பன்னிரண்டு இலக்கங்களும் இருப்பதால், அட்டையை மாற்றிய பெற்றோர் வங்கியிலும் புதிய இலக்கத்தைப் பதிந்துகொள்ள வேண்டும். நெடுநாள் பயன்படுத்தாத கணக்கு செயலிழந்திருக்கலாம். அதை முன்கூட்டியே ஒரு சிறு வைப்பால் உயிர்ப்பித்துக்கொள்ளுங்கள். முதல் தடவை சிறிய தொகையொன்றை அனுப்பி, அது வந்துசேர்ந்ததாக வீட்டார் சொன்ன பின்பே பெருந்தொகையை அனுப்புங்கள். அந்த ஒரு கட்டணம் வீணாவதில்லை.

கிழமையும் கவனத்துக்குரியது. சவூதி, கட்டார், குவைத் ஆகிய நாடுகளில் வெள்ளியும் சனியும் விடுமுறை. நமக்குச் சனியும் ஞாயிறும், இடையிடையே போயா தினமும். வியாழன் மாலை சுவிஃப்ட் வழியாகப் போட்ட பணம் திங்களுக்கு முன் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி நெருங்கும் வாரத்தில் இரு பக்கமும் நெரிசல் கூடுவதால் ஒரு வாரம் முந்திக்கொள்ளுங்கள்.

உண்டியல்

வங்கியை விட்டுத் தனியாட்கள் மூலம் கைமாற்றாகப் பணம் அனுப்பும் உண்டியலைப் பற்றிப் பேசாமல் இந்த விடயத்தை முடிக்க முடியாது, ஏனெனில் அதைப் பயன்படுத்தாத குடும்பம் நம் ஊர்களில் குறைவு. தோஹாவில் அறைக்கே வந்து றியாலை வாங்கிச் செல்வார்கள்; ஒரு மணித்தியாலத்தில் அக்கரைப்பற்றில் மோட்டார் சைக்கிளில் காசு வந்துவிடும், அல்லது யாரோ ஒருவர் தாயாரின் கணக்கில் வைப்பிட்டுவிடுவார். 2021 இன் பிற்பகுதியிலிருந்து 2022 மார்ச் வரை வங்கிகளில் டொலர் 200 ரூபாவைச் சற்றுத் தாண்டிய அளவிலேயே பிடித்துவைக்கப்பட்டிருந்தபோது உண்டியலில் அதைவிட மிக அதிகம் கிடைத்தது. 2020 இல் சுமார் 7.1 பில்லியன் டொலராக இருந்த தொழிலாளர் பணவரவு 2022 இல் சுமார் 3.8 பில்லியனாகச் சரிந்ததற்கு அந்த இடைவெளி முக்கிய காரணம். அக்காலத்தில் உண்டியலை நாடியவர்களைக் குறை சொல்ல என் மனம் இடம் தரவில்லை. மாதம் ஆயிரம் றியால் சம்பளக்காரரிடம் நாட்டின் டொலர் கையிருப்பைக் காப்பாற்றச் சொல்வது எளிது, செய்வது கடினம்.

ஆனால் 2022 மார்ச்சில் ரூபா மிதக்கவிடப்பட்ட பின் அந்த இடைவெளி பெரிதும் மறைந்துவிட்டது. இன்று உண்டியலில் கிடைக்கும் ஒன்றிரண்டு ரூபா கூடுதலுக்காக ஏற்கும் ஆபத்து மிகப் பெரியது. உங்கள் தாயாரின் கணக்கில் வைப்பிடுபவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. அது போதைப்பொருள் வியாபாரியின் காசாக இருந்தால், 2006 ஆம் ஆண்டின் பணச் சலவைத் தடுப்புச் சட்டத்தின் கீழான விசாரணை கணக்கு வைத்திருப்பவரிடமே வரும். கணக்கு முடக்கப்பட்டால் அதிலுள்ள நேர்மையான சேமிப்பும் சேர்ந்தே முடங்கும். பணம் வராவிட்டால் காட்டுவதற்குப் பற்றுச்சீட்டும் கிடையாது. அதே காரணத்தால், அறைத்தோழருக்கு உதவுவதாக எண்ணி உங்கள் வதிவிட அனுமதி அட்டையான இகாமாவிலோ செயலியிலோ பிறருடைய பணத்தை அனுப்பிக்கொடுக்காதீர்கள். சம்பளத்துக்கு மீறிய தொகை உங்கள் பெயரில் போனால் அந்நாட்டில் விசாரணைக்கு முகங்கொடுக்க வேண்டியவர் நீங்களே.

யாருடைய கணக்குக்கு

இங்கேதான் பெருஞ்செலவு நிகழ்கிறது, ஆனால் அதை எவரும் செலவாகக் கணக்கிடுவதில்லை. நான்கு ஆண்டுகள் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண்ணாக உழைத்துத் திரும்பி, என் முன்னே வந்து புத்தகத்தைப் பதியச் சொல்லி, மீதியைப் பார்த்து ஒன்றும் பேசாமல் நின்ற பெண்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். பயணத்துக்கு முன்பே உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கைத் திறந்து, அதன் ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் அந்தக் கணக்குக்கே ஒரே தடவையில் அனுப்பி, வீட்டுச் செலவுக்கான தொகை மாதந்தோறும் குறித்த திகதியில் தாயாரின் அல்லது கணவரின் கணக்குக்குத் தானாகவே போகும்படி வங்கியில் நிலையியற் கட்டளை கொடுத்துவிடலாம். உள்நாட்டில் கணக்கிலிருந்து கணக்குக்குப் பணம் மாற்றும் கட்டணம், வெளிநாட்டிலிருந்து இரண்டு தடவை அனுப்பும் கட்டணத்தோடு ஒப்பிடுகையில் மிகச் சிறியது. குடும்பத்தில் மனஸ்தாபம் வரும் என்று அஞ்சுபவர்கள், ‘கட்டணத்தை மிச்சப்படுத்தத்தான் இப்படிச் செய்கிறேன்’ என்று சொல்லிக்கொள்ளலாம். அது பொய்யும் அன்று.

சம்பளத்தை எஜமானியே அனுப்பிவைக்கும் வீடுகளில், ஒவ்வொரு தடவையும் பற்றுச்சீட்டின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். சவூதியில் 2024 ஜூலை முதல் புதிய ஒப்பந்தங்களில் வீட்டுப் பணியாளரின் சம்பளம் அந்நாட்டு அரசின் ‘முசானட்’ இணையத்தளத்தின் வழியாக வங்கிக்கோ மின்னணுப் பணப்பைக்கோ செலுத்தப்பட வேண்டும் என்ற விதி இருப்பதால், உங்கள் பெயரில் அந்தக் கணக்கைத் திறக்கும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நெடுங்காலச் சேமிப்பை ரூபாவில் மட்டும் வைத்திருக்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து. 2022 மார்ச்சில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது, பத்தாண்டு உழைப்பை ரூபாவில் வைத்திருந்தவர்கள் பட்ட வேதனையை மறக்க முடியவில்லை. முன்பு என்.ஆர்.எஃப்.சி. என்று அழைக்கப்பட்ட கணக்குக்குப் பதிலாக இப்போது ‘தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கு’ உள்ளது. அதில் டொலராகவே வைத்திருந்து, தேவைப்படும்போது ரூபாவாக மாற்றலாம். எக்ஸ்சேஞ்ச் கடைகள் ரூபாவாக மாற்றி அனுப்பும் பணம் இதில் சேராது. சுவிஃப்ட் வழியாகவே வரவேண்டும் என்பதால், மேலே சொன்னபடி சில மாதங்களுக்கு ஒரு தடவை சேர்த்து அனுப்புங்கள்.

பணம் வராவிட்டால்

பற்றுச்சீட்டில் உள்ள தொடர்பிலக்கமே உங்கள் ஒரே ஆயுதம். வெஸ்டர்ன் யூனியனில் அது பத்து இலக்கங்கள், மணிகிராமில் எட்டு. எக்ஸ்சேஞ்ச் கடைகளில் எழுத்துகளும் கலந்து வரும். முதலில் அனுப்பிய நிறுவனத்தையே கேளுங்கள், ஏனெனில் ஊரிலுள்ள வங்கிக்குப் பணம் வந்துசேரும் வரை அங்கே எதுவும் தெரியாது. ‘செலுத்தியாயிற்று’ என்று அவர்கள் சொன்னால், செலுத்திய திகதி, நேரம், உள்நாட்டு வங்கியின் தொடர்பிலக்கம் ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கி வீட்டாருக்கு அனுப்புங்கள். அவற்றோடு வரும் வாடிக்கையாளருக்கு வங்கி முகப்பில் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லலாம். அவை இல்லாமல் வருபவரை நாளை வாருங்கள் என்று திருப்பியனுப்புவதைத் தவிர நாங்கள் செய்யக்கூடியது குறைவு. தொடர்பிலக்கத்தையோ வங்கியிலிருந்து வரும் ஓ.டி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவு எண்ணையோ தொலைபேசியில் கேட்பவர் எவராக இருந்தாலும் கொடுக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். பற்றுச்சீட்டுகளைத் தொலைபேசியில் மட்டும் வைத்திருக்காமல், மாதவாரியாக ஊரில் நம்பிக்கையான ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். பின்னாளில் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது வருமானத்துக்கான சான்றாக வங்கி முதலில் கேட்பது அந்தப் பற்றுச்சீட்டுக் கட்டைத்தான்.